அச்சைத் திருத்திய ஜிஷா

"மருத்துவர் அனுப்பும் அச்சை உள்ளது உள்ளபடி நகலெடுக்க வேண்டும். வடிவத்தைப் பற்றிச் சுயமாக முடிவெடுப்பது இப்பணியாளரின் பொறுப்பு அன்று."

மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், பல்செட் செய்யும் ஒரு கூடத்தில், ஜிஷாவின் மேசைக்கு மேலே இந்தப் பணி விவரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வேலை நேரத்தில் ஜிஷா அதை மதிக்கிறவள்தான். ஒருவருடைய ஈறு கோணலாக வந்தால் செட்டும் கோணலாகத்தான் போகும். வீட்டில் மட்டும் எல்லா வடிவமும் அவள் சொல்வது. கணவன் ரமேஷ்பாபுவின் மீசை உட்பட.

ரமேஷ்பாபு அரிசி மண்டியில் மூட்டை இறக்குவதை மேற்பார்வை பார்ப்பவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆளே மாறிவிடுவான். பாடகர் மொய்துக்கா வீட்டு மாடியில் கூடும் பாட்டுக் கூட்டத்தில் அவன்தான் வயலின். மொய்துக்கா ஆர்மோனியத்தோடு ஒரு வரி பாடி முடித்து, இனி நீ வாசி என்பதுபோல் அவன் பக்கம் லேசாகத் தலையை அசைப்பார். அந்த ஓர் அசைவுக்காகத்தான் வாரம் முழுக்க அவன் மூட்டைகளைப் பொறுத்துக்கொண்டான்.

மூட்டைகள் அவனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும் நேரே போய்விடலாம் என்று வயலினை மண்டிக்கே கொண்டுவந்திருந்தான். அடுக்கிலிருந்து சரிந்த ஒரு மூட்டை அதன் துணி உறைமேல் உட்கார்ந்தது. வயலினுக்குள் நிற்கும் சிறு தாங்குகுச்சி மேல்பலகையின் வலப்பக்கத்தைக் காப்பாற்றியது. இடப்பக்கம் அமுங்கி, நீளவாக்கில் வெடித்து, அடியில் ஒட்டியிருந்த மரச்சட்டமும் கழன்று உள்ளே கடகடத்தது.

எறணாகுளத்தில் வாத்தியங்களைப் பழுது பார்ப்பவர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கச் சொன்னார். இரவல் வயலின் ஒன்று கிடைத்தது. "இது கொசு மாதிரி பாடுது ரமேஷா," என்று மொய்துக்கா அதைத் திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் ரமேஷ்பாபுவின் இடத்தில் மொய்துக்காவின் மருமகன் நிஹால் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தான். ஒரு பட்டனை அழுத்தினால் வயலின், பக்கத்துப் பட்டனில் புல்லாங்குழல். கீபோர்டு குடிக்கச் சாயாகூடக் கேட்காது.

"பெருநாள் வரைக்கும் பாக்கறேன்," என்றார் மொய்துக்கா. "பெருநாள் பாட்டுக்கு உன் வயலினோட வந்தா, உன் இடம் உனக்கு. இல்லேன்னா நிஹால் மோன் இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து ரமேஷ்பாபு சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"கொண்டா இங்க," என்றாள் ஜிஷா. "ஒடஞ்ச செட்ட தெனமும் ஒட்டறேன்."

"இது பல்லு இல்ல ஜிஷா."

"பல்லுன்னா கடிக்கணும் சேட்டா. இது பாடினாப் போதும்."

"பாடலேன்னா அடுப்புக்காச்சும் ஆகும்," என்றாள் மாமியார் ஆவுடையம்மாள், ஆறுதலாக.

மெழுகு செதுக்கும் மெல்லிய கத்தியால் ஜிஷா மேல்பலகையை ஓரம் ஓரமாக நெம்பித் திறந்தாள். அதுவரை எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு தொழில் பழக்கம் காலை வாரியது. பலகையின் மேற்புறத்தைப் பிளாஸ்டரில் அச்செடுத்தாள். பலகையை லேசாக ஈரமாக்கி அந்த அச்சுக்குள் கவிழ்த்து, சூடான மணல் பையை மேலே வைத்து அழுத்தினாள். காய்ந்ததும் எடுத்தால், பலகை அச்சோடு அப்படியே ஒட்டிப் பொருந்தியிருந்தது. என்ன நேர்த்தி! பள்ளம் இருந்த இடத்தில் அதே பள்ளம், முன்னைவிட உறுதியாக.

"மூட்ட செஞ்சத நீயும் ஒரு தடவ செஞ்சிட்ட," என்றான் ரமேஷ்பாபு.

ஜிஷாவுக்குக் கோபம் வந்தது. மூட்டைமேல் அல்ல, மேசைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் அந்த இரண்டு வாக்கியங்கள்மேல். உள்ளது உள்ளபடி எடுத்தால் உடைந்தது உடைந்தபடிதானே வரும்? ஒரு பக்கம் பல் முழுக்கப் போனவருக்கு என்ன செய்கிறோம்? மறுபக்கத்தைப் பார்த்துத்தானே பல்லின் உயரத்தை வைக்கிறோம்? இந்த வயலினுக்கும் நல்ல பக்கம் ஒன்று இருக்கிறதே!

வலப்பக்கத்தின் மேட்டுக்கு அளவாக அட்டையை வெட்டினாள். அட்டையைத் திருப்பி இடப்பக்கத்து அச்சில் வைத்துப் பார்த்தாள். பலகையின் பள்ளம் அச்சில் மேடாக நின்றது. அந்த மேட்டைச் சுரண்டித் தள்ளினாள். அச்சுமேல் கத்தி வைப்பது அவள் வேலையில் பெரும் குற்றம். அதை அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்தாள்.

இந்த முறை பலகை எழுந்தது. ஒரே நாளில் அல்ல. ஈரம், சூடு, மணல், மறுபடியும் ஈரம் என்று கெஞ்சிக் கெஞ்சி. பழைய மேசை நாற்காலிகளைச் சரிசெய்யும் தச்சரிடம் வாங்கிய வச்சிரப் பசையைக் காய்ச்சி வெடிப்பை ஒட்டினாள், கழன்ற மரச்சட்டத்தை ஒட்டினாள், பலகையை மூடினாள். சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கும் வளைந்த கம்பியை மேல்பலகையின் துளை வழியே விட்டுத் தாங்குகுச்சியை நிமிர்த்தினாள். தந்திகளைத் தாங்கும் குதிரையின் கால்கள் பலகையில் எங்கே படுகின்றன என்று பார்க்க, கடிப்பைச் சோதிக்கும் கார்பன் தாளை வைத்தாள். கறுப்பு பட்ட இடத்தைச் சீவி, மறுபடி வைத்து, கால் முழுக்கப் படியும்வரை விடவில்லை.

பெருநாள் சாயங்காலம் மொய்துக்காவின் மாடியில் நிற்க இடமில்லை. கீபோர்டும் தயாராக இருந்தது. ரமேஷ்பாபு சுதி சேர்த்து வில்லை ஒருமுறை இழுத்தான். மொய்துக்கா ஒரு வரி பாடினார். பாடி முடித்து, தலையை அசைத்தார்.

ரமேஷ்பாபு வாசித்த வேகத்தில், எழும்பிய அந்த இடப்பக்கத்தின் ஒலி மாடி முழுக்க அதிர்ந்தது. பாட்டு முடிந்ததும் மொய்துக்கா திரும்பினார்.

"நிஹாலே, பட்டன ஆஃப் பண்ணு மோனே." பிறகு ரமேஷ்பாபுவிடம், "முன்ன இருந்தத விட நல்லா இருக்கே! யாரு ரிப்பேர்?"

அவன் வில்லால் ஜிஷாவைக் காட்டினான். மொய்துக்கா தன் மேல்வரிசைப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதுவும் ஜிஷா செய்ததுதான்.

"அப்ப என் பாட்டும் இவன் வயலினும் ஒரே கை வேலையா மோளே?"

"உங்க செட்ட விட இது சுலபம் இக்கா. வேல முடியற வரைக்கும் இது வாயத் தொறக்கல."

மாடியில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சிரிப்புக்கு நடுவே ரமேஷ்பாபு அடுத்த பாட்டுக்கு வில்லை எடுத்துவிட்டான்.

வந்த அச்சை உள்ளபடி நகலெடுக்க வேண்டிய ஜிஷா, அச்சைச் சுரண்டித் திருத்தி, அமுங்கிய பலகையை எழுப்பி, அந்த வயலினைப் பாடவைத்தாள்.