தீபாவளி முடிந்ததும் பனிச்சறுக்கு

சென்னையில் ஒரு இண்டர்வியூவுக்காக ரயில் டிக்கெட் எடுக்க ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போனபோதுதான் அதன் முதலாளி முனியராஜ் அண்ணனைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்றதும் டீ வாங்கிக் கொடுத்தார். சிவகாசியில் அப்போதுதான் அந்தக் கடையைத் தொடங்கியிருந்தார். பக்கத்து இருக்கன்குடி கோயிலுக்கு வேன் அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு வந்த முதல் பெரிய ஆர்டர், பட்டாசுக் கம்பெனி காசிராஜன் அண்ணாச்சி குடும்பத்தின் மணாலி பனிச்சறுக்குப் பயணம். தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடியிருக்கும் வாரம்தான் எங்கள் பக்கம் ஊர் சுற்றும் காலம். அண்ணனும் யோசிக்காமல் அந்த வாரத்துக்கே பதிவு செய்துவிட்டார்.

நான் இருக்கும்போதே மணாலி விடுதிக்காரர் போனில் சிரித்தார். தீபாவளி சமயத்தில் அங்கே வெறும் புல்தானாம், ஜனவரியில்தான் பனியாம். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. இந்த ஆர்டர் கெட்டால் ஊரில் வேறு யார் வருவார்கள்?

“படிச்ச ஆளு கூட நின்னா அண்ணாச்சி அடிக்க மாட்டாக, வா தம்பி” என்று என்னையும் இழுத்துப் போனார். அண்ணாச்சியிடம் உள்ளதைச் சொன்னார்.

“ஏலே, புல்லுல சறுக்கவா அம்புட்டுத் தூரம் போகணும்? முன்னாடியே சொன்னியே, நல்லதாப் போச்சு. பொங்கல் லீவுக்கு மாத்துலே” என்றார் அண்ணாச்சி.

தெருவுக்கு வந்ததும் அண்ணன், “இப்பதாம்பா உசுரு வந்துச்சு” என்றார்.

முனியராஜ் அண்ணன் இன்றும் சிவகாசியில் டிராவல்ஸ் நடத்துகிறார். வருஷந்தோறும் நாலைந்து குடும்பங்களை மணாலிக்கு அனுப்புகிறார்.