தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு சிவப்புப் பொத்தான்

இயற்பியல் படித்து, ஓய்வு பெறும்வரை ஓர் அறிவியல் அருங்காட்சியகத்தை நடத்தியவன் நான். அங்கே எதையும் தொட்டுப் பார்க்கலாம். அது என் சட்டம்.

இன்று காலை ரிங்லெட் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போனேன். இலை உருட்டும் இயந்திரத்தின் அருகே ஒரு சிவப்புப் பொத்தான். பழக்கதோஷத்தில் கை போய் அமுக்கிவிட்டது.

மொத்தத் தொழிற்சாலையும் நின்றது.

சூப்பர்வைசர் பெண் ஓடி வந்தார். "அங்கிள், அத ஏன் அமுக்குனீங்க?"

"என்ன ஆகும்னு பாக்கத்தாம்மா."

"பாத்துட்டீங்க லா. எல்லா எலையும் பாதியில நிக்குது. தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். வெட்கத்தைவிடப் பொறாமைதான் அதிகம்.

எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்தவர்கள் சொல்லுங்கள்: அமுக்கியதும் வேலை செய்த பொத்தான் ஒன்றாவது அங்கே இருந்ததா?