தாகுபாய் மாற்றிப் போட்ட கிடை

என் ஓரகத்தி தாகுபாய் இருபத்திரண்டு வருஷமாக எங்கள் மூத்தவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையெல்லாம் இல்லை. புருஷனுக்கு அண்ணன், போதாததற்கு மந்தைக்கே தலைவர். ஆடு மேய்க்கும் எங்கள் தங்கர் சாதியில் வீட்டு மருமகள் முக்காட்டை இழுத்துவிட்டு ஒதுங்கிப் போவதுதான் மரியாதை. சொல்லியே ஆக வேண்டுமென்றால் பொதிக்குதிரையிடம் சொல்வாள், அவர் காதில் விழும்படி.

"ஏ ராணி, உப்பு தீந்துபோச்சுன்னு யாருக்காவது கவலை இருக்காடி?"

மறுநாள் உப்பு வந்துவிடும்.

அந்த வருஷம் தீபாவளி கழித்து, மேய்ச்சலுக்காக மலையிலிருந்து கொங்கணக் கடற்கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். ஒருநாள் விடியற்காலையில் அந்த வழியாகப் போன கம்பளி வியாபாரி ஒரு சேதி சொன்னான். வேறு மந்தையில் வாழ்க்கைப்பட்ட தாகுவின் மகள் சோனாவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாளாம். அவர்கள் இன்றிரவு நீரா ஆற்றங்கரையில் தங்கிவிட்டு, காலையில் வேறு கணவாய் வழியாக இறங்கிவிடுவார்களாம். இன்று விட்டால் அடுத்த மழைக்காலம்வரை பேத்தியைப் பார்க்க முடியாது.

விடிந்ததும் தாகு குதிரையிடம் மூன்று தடவை முறையிட்டாள். மூத்தவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே, "ஊர்த்தலைவர் மேட்டுக்காட்டு பாட்டீலுக்கு வாக்கு குடுத்தாச்சு. இன்னிக்கு கிடை அவர் நிலத்துலதான்" என்று சொல்லிவிட்டு ஆண்களோடு ஆடுகளை ஓட்டிப் போனார். அந்த மனிதருக்குக் காது இருந்த இடத்தில் கல்தான் இருந்தது.

சட்டிபானை, கோழி, பிறந்த குட்டிகள் எல்லாவற்றையும் குதிரைமேல் ஏற்றி, முன்னால் போய் அடுப்பு மூட்டுவது எங்கள் வேலை. பாதை பிரியும் இடத்தில் தாகு ராணியை ஆற்றுப் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, மேட்டுக்காடு அந்தப் பக்கம்!"

"எனக்குத் தெரியாதாக்கும்."

"மூத்தவர் தோலை உரிச்சிடுவாரு!"

"உரிக்கட்டும். குட்டிங்க யாருகிட்ட இருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொழுது சாயும்போது மடி கனத்த ஆடுகள் குட்டி கத்தும் இடத்துக்குத்தான் போகும். தலைவரின் கோலுக்கெல்லாம் திரும்பாது. பாதை பிரியும் இடத்திலிருந்து ஆறு ஒரு கூப்பிடு தூரம்தான்.

ஆற்றங்கரையில் சோனாவின் ஆட்கள் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டினோம். தாகு நினைத்தபடியே நடந்தது. சாயங்காலம் புழுதி கிளம்ப மொத்த மந்தையும் எங்களை நோக்கி ஓடிவந்தது. பின்னாலேயே தலைப்பாகை அவிழ்ந்து தொங்க மூத்தவர்.

"யாரைக் கேட்டு இங்க இறங்கினீங்க? பாட்டீல் அங்க காத்துக் கிடப்பாரு! என் வாக்குக்கு என்ன மரியாதை?"

நான் குதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மடியில் பேத்தியோடு உட்கார்ந்திருந்த தாகு, ராணி பக்கம் திரும்பவே இல்லை. முக்காட்டுக்குள்ளிருந்து நேராக அவரிடமே கேட்டாள்.

"மாமா, இத்தனை ஆடும் புள்ள சத்தம் கேட்டு ஓடியாந்துச்சே, அதுல ஒண்ணையாவது அடிச்சீங்களா? என்னை மட்டும் ஏன் வையறீங்க?"

மூத்தவர் தலைப்பாகையை வெகுநேரம் சுற்றினார். பிறகு குதிரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஏ ராணி, சொல்லி வை. பாட்டீல் கால்ல நான் விழுந்துக்கறேன். காலையில சேவல் கூவினதும் கிளம்பியாகணும்."

தாகு அன்றைக்குச் சேவல் கூடையின்மேல் கருங்கம்பளியை இரண்டாக மடித்துப் போர்த்திவிட்டாள்.

காலையில் வெயில் ராணியின் முதுகில் ஏறிவிட்டது, சேவல் கூவவில்லை. தாகு காலை நீட்டிப் போட்டுக்கொண்டு குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மூத்தவர் வந்தார். கம்பளியைப் பார்த்தார். உள்ளே சேவல் சிறகடிக்கும் சத்தத்தையும் கேட்டார். கூடையைச் சுற்றிக்கொண்டு போய், வேப்பங்குச்சியோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்தார். அவ்வளவு நேரம் பல் துலக்கிய மனிதரை நான் பார்த்ததே இல்லை.