பட்டன் போடத் தெரியாத அத்தை

தெல்மிரா ரொக்கபாதோ தன் வெள்ளைக் கோட்டின் பட்டன்களை ஒரு துளை தள்ளித்தான் போடுவாள். ஒரு பக்கம் காலர் காதைத் தொடும், மறுபக்கம் வால் தொங்கும். அந்தக் கோலத்தோடு காலையில் மையத்தின் வாசலில் நின்று, முதலில் வரும் பிள்ளையிடம் வயிற்றைக் காட்டுவாள். "பாருடா கண்ணு, மறுபடியும் என்னமோ ஆயிடுச்சு. இதை எங்க மாட்டணும்?"

பிள்ளை தலையில் அடித்துக்கொள்ளும். "ஐயோ அத்தை! நேத்துதானே சொல்லிக் குடுத்தேன்!" பையைக் கீழே போட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டனாக அவிழ்த்துத் திரும்பப் போட ஆரம்பிக்கும். அது முடிவதற்குள் பின்னால் வந்த பிள்ளைக்கு அவளுடைய செருப்பு நாடா கிடைத்துவிடும், அதற்கும் பின்னால் வந்ததற்குச் சோற்று டப்பாவின் மூடி. ஐம்பதைத் தாண்டிய பெண்பிள்ளை, ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறக்க வழியில்லாமல் ஊரையே கூப்பிடுகிறாளே என்று புதிதாக வருகிற பெற்றோர் முகத்தைச் சுளிப்பார்கள். அவள் கண்டுகொள்ளவே மாட்டாள்.

கொச்சபாம்பா நகரத்தின் தெற்குப் பேட்டையில், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரைக் கூடம்தான் அந்த மையம். சொன்னபடி கேட்காத கைகளையும் கால்களையும் விளையாட்டுக் காட்டி வேலை வாங்குவது அவள் தொழில். படிப்புக்கு நீளமான பெயர் உண்டு, சுவரில் சட்டம் போட்டும் மாட்டியிருக்கிறது. பேட்டையில் அவளுக்குப் பெயர் விளையாட்டு டாக்டரம்மா. அவள் கை எப்பேர்ப்பட்ட கை என்பது அவள் புருஷனுக்குத் தெரியும். ராத்திரி விளக்கைப் போடாமலேயே ஊசியில் நூல் கோர்க்கிறவள் அவள். பிள்ளைகளுக்குத் தெரியாது. பெற்றவர்களுக்கும் சொல்வதில்லை, சொன்னால் அன்றைக்கே பிள்ளைகள் காதுக்குப் போய்விடும், அப்புறம் யார் அவளுக்கு நாடா கட்டிவிடுவார்கள்?

விளையாட்டில் அவள் பெரிய கள்ளி. அவித்த சோளத்தை இடுக்கியால் எடுத்துப் பாட்டிலில் போடும் போட்டியென்றால், பிள்ளை அசந்த நேரம் பாட்டிலிலிருந்தே நாலு மணியைத் திருடி வாயில் போட்டுக்கொள்வாள். "திருடி! திருடி!" என்று அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால்தான் துப்புவாள். அப்படி இறுக்கிப் பிடிப்பதுதான் அன்றைய பாடம் என்பது பிடித்த கைக்குத் தெரியாது. பத்து மணிவாக்கில் சால்தேன்யா வரும். உள்ளே குழம்பு ததும்புகிற அந்த அப்பத்தைச் சொட்டுக்கூடச் சிந்தாமல் தின்கிறவருக்கே ஊரில் மரியாதை. தெல்மிரா கன்னம், கழுத்து, முழங்கை எங்கும் வழியவிட்டுக்கொண்டு, "இது ஓட்டை அப்பம், கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான்" என்று புலம்புவாள். பக்கத்தில் ஒரு பொடிசு அப்பத்தை இரண்டு கையாலும் நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "இப்பிடி, அத்தை, இப்பிடி" என்று பாடம் நடத்தும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நடிப்புக் கிடையாது. பிள்ளை தானாக ஒன்றைச் செய்ய முயலும்போது, பெஞ்சில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அமுக்கி உட்கார்ந்துவிடுவாள். உதவிக்குப் போகத் துடிக்கிற கைகள், நம்பி வெளியே விட முடியாது.

அந்தத் துடிப்பை அடக்கவே தெரியாத ஒருத்தி பேட்டையில் இருந்தாள். பெரிய சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் செனோபியா. அவள் மகள் நைராவுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே இடது கை மூடியபடிதான் இருக்கும், திறந்தாலும் பாதிதான் திறக்கும். மகள் நாடாவைப் பார்த்து யோசிப்பதற்குள் செனோபியா கட்டி முடித்திருப்பாள். ஜடை, பட்டன், ஆரஞ்சுத் தோல் எல்லாம் அப்படித்தான். அவளுக்குத் தெல்மிராவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"தன் கோட்டையே ஒழுங்காப் போடத் தெரியாதவ எம்பொண்ணு கைய என்னத்தச் சரி பண்ணப்போறா?" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் பொரிந்து தள்ளுவாள். "வாரத்துல ரெண்டு நாள் கடையப் பூட்டிட்டுப் போறேன். போனா பலூன் ஊதுதுங்க, மாவு பிசையுதுங்க. இதுக்கு வீட்லயே வெச்சுக்கலாமே!"

சொன்னதோடு நிற்கவில்லை. ஜனவரிக் கடைசியில் தெல்மிராவிடமே நேராகச் சொல்லிவிட்டாள். "கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. கார்னிவல் திருவிழா முடியட்டும், நாங்க நிறுத்திக்கறோம்."

நைராவின் கட்டைவிரல் அப்போதுதான் உள்ளங்கையை விட்டு வெளியே வரப் பழகியிருந்தது. இன்னும் முரண்டு பிடிப்பது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். இந்த நேரத்தில் நிறுத்தினால் கை பழையபடி மூடிக்கொள்ளும் என்று தெல்மிராவுக்குத் தெரியும். ஆனாலும் வாதம் பண்ணவில்லை. "கார்னிவல் வரைக்கும் இருக்குல்ல, அது போதும்மா" என்றாள்.

செனோபியா கார்னிவலைக் கெடுவாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன வருஷக் கார்னிவலில் தெருப் பிள்ளைகளின் தண்ணி பலூன் சண்டையில் நைராவின் பலூன்களை எல்லாம் அண்ணன் விளாதிமிர்தான் கட்டிக் கொடுத்தான். அவள் குறி தப்பாமல் மூன்று பேரை நனைத்தாள். நனைந்த பயல்கள், "இது செல்லாது! விளாதி கட்டுன பலூன், விளாதி அடிச்ச அடி!" என்று கத்தி ஆட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். நைரா அன்று அழவில்லை. இந்த வருஷம் தானே கட்டிய பலூனோடு போவேன், இல்லாவிட்டால் வாசலைத் தாண்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், தாயைப் போலவே பிடிவாதம்.

இதைக் கேட்ட தெல்மிரா உடனே பந்தயம் கட்டினாள். "நீயே கட்டி எறி. நான் ஓட மாட்டேன், குனிய மாட்டேன், கண்ணைக்கூட மூட மாட்டேன்."

"சத்தியமா?"

"எங்க வீட்டுக்காரரு மேல சத்தியம்."

"அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஆனா ஆகட்டும், குறட்டை குறையும்."

பலூன் கட்டுவது எப்படி என்று யோசித்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய வித்தை என்பது தெரியும். கழுத்தை இழுக்க வேண்டும், ஒரு விரலைச் சுற்றி வளைக்க வேண்டும், வால் நுனியை வளையத்துக்குள் தள்ள வேண்டும். கடைசியாக அந்த விரல் நிமிர்ந்து, வளையத்தைவிட்டு நழுவி வெளியே வர வேண்டும். வலது கை சுற்றும் வேலையைப் பார்த்துக்கொண்டது. விரலாக நிற்க வேண்டியது இடது கையின் ஆள்காட்டி. அது உள்ளே போகும், வளைந்துகொள்ளும், வெளியே வராது. இழுத்தால் பலூன் மடியில் வெடிக்கும்.

தெல்மிரா அந்த விரலுக்குத் தோன் சேவேரோ என்று பெயர் வைத்தாள். சொத்துபத்து நிறைய உள்ள சோம்பேறிப் பண்ணையார், கட்டிலைவிட்டு எழவே மாட்டார். காலையில் நைரா வந்ததும் விரலில் மாவு வளையம் மாட்டுவாள், அது தோன் சேவேரோவின் போர்வை. அவர் எழுந்து போர்வையை உதற வேண்டும். அடுத்த முறை வெங்காய வளையம், அதற்கடுத்த முறை ரப்பர் பேண்டு. நடுவில் துணிக் கிளிப்புகளால் அவருக்கு ஒட்டிய நூல் மீசையைப் பிடித்து இழுப்பதும், தண்ணீர்த் துப்பாக்கியின் விசையை அவரை வைத்தே அழுத்துவதும் உண்டு. நைராவும் பண்ணையாரை விட்டுவைக்கவில்லை. "எந்திரிங்க தோன் சேவேரோ! மாடெல்லாம் அவுத்துக்கிட்டு ஓடுது!" சில நாள் அவர் எழுவார். பல நாள் முறைத்துக்கொண்டு படுத்துவிடுவார்.

"இன்னிக்கு அவருக்குக் காய்ச்சல், அத்தை" என்பாள் நைரா, முகம் சுருங்கி.

"காய்ச்சலாவது ஒண்ணாவது, நடிக்கிறாரு" என்பாள் தெல்மிரா. நடிப்பைப் பற்றிச் சொல்ல அவளுக்கு இல்லாத உரிமையா!

பலூனில் நிரப்பத் தண்ணீருக்குத்தான் வம்பு. தெற்குப் பேட்டையில் குழாயில் தண்ணீர் வராது, லாரிக்காரன் ஊற்றினால் உண்டு. அதனால் துணி அலசிய சோப்புத் தண்ணீரைத்தான் வாளியில் பிடித்து வைத்திருந்தார்கள். பலூன் கையில் நில்லாமல் வழுக்கியது. கோட்டு நனைந்தது, பெஞ்சு நனைந்தது, கூட்டிப்போக வந்த செனோபியாவும் நனைந்தாள். ஒவ்வொரு முறையும் மகளின் ஈரப் பாவாடையைப் பார்த்து, "இன்னிக்கும் வரலையா?" என்று கேட்பாள். குரலில் கேலி இருந்தது போய், போகப்போகக் கவலை வந்தது. மகள் வாசலைத் தாண்டாமல் ஜன்னலோரம் நிற்கப்போகும் காட்சி அவளுக்கு இப்போதே கண்ணில் தெரிந்தது.

தாய் மனசு என்ன செய்யும்? செய்யக் கூடாததைச் செய்தது.

கார்னிவலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஊரெங்கும் கடைகளையும் பட்டறைகளையும் கொண்டாடும் நாள். மையத்திலும் ஊஞ்சல், பந்து, ஏணி எல்லாவற்றுக்கும் வண்ணக் காகிதச் சுருள்களைச் சுற்றினார்கள். நாலு மூலையிலும் பூமித்தாய்க்குச் சோளக் கள்ளான சீச்சாவைத் தெளித்தார்கள். காகிதத் துகள்களை ஒருவர் தலையில் ஒருவர் கொட்டிக்கொண்டார்கள். தெல்மிரா துவைத்த கோட்டில், வழக்கம்போல ஒரு துளை தள்ளிப் பட்டன் போட்டுக்கொண்டு, முற்றத்தின் நடுவில் நின்றாள். "எங்க என் எதிரி?"

நைரா பைக்குள் கையை விட்டாள். காலிப் பலூன்களுக்கு நடுவில் குண்டாக, குளிர்ச்சியாக ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். சந்தையில் பை பையாக விற்கிற, கட்டி முடித்த பலூன்.

"இது யார் வெச்சது?"

விளாதிமிர் இரண்டு கையையும் தூக்கினான். "நான் இல்லப்பா!" செனோபியா கூரைத் தகரத்தை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா."

"இல்லடி, ஒருவேளை உனக்கு வரலேன்னா... ஒண்ணே ஒண்ணுதான்டி... யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே!" என்று சொல்லி நைரா அதை எறிந்தாள். குறி தப்பவில்லை. செனோபியாவின் மடிப்புப் பாவாடை இடுப்பிலிருந்து கால்வரை சொட்டியது. முற்றமே ஆரவாரித்தது. செனோபியாவாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை, அழுகையையும்தான்.

நைரா வாளிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மஞ்சள் பலூனை நிரப்பினாள். செனோபியாவின் கைகள் தாமாக முன்னே நீண்டன. தெல்மிரா அந்த இரண்டு கைகளையும் பிடித்து, அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, அவள் தொடைக்கு அடியிலேயே செருகினாள். "மேல உக்காருங்க. நல்லா அமுக்கி உக்காருங்க. எந்திரிச்சிடுவோம்னு தோணிச்சுன்னா என்னைக் கடிங்க." தானும் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

முதல் பலூன் வெடித்தது. இரண்டாவது நழுவி ஓடியது. மூன்றாவதில் கழுத்து நீண்டது, சுற்றியது, நுனி உள்ளே போனது. விரல் மாட்டிக்கொண்டது.

"தோன் சேவேரோ, வீடு தீப்புடிச்சிருச்சு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "போலீஸ் வந்திருச்சு! பொண்டாட்டி வந்திருச்சு!"

"சும்மா இருங்க எல்லாரும்!" நைரா நிமிராமலே அதட்டினாள். "கத்தினா அவரு பயப்படுறாரு." பிறகு விரலுக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. செனோபியா பல்லைக் கடித்தாள். தெல்மிராவின் நெற்றியில் வேர்த்தது.

விரல் மெல்ல நிமிர்ந்தது. கொஞ்சம் நின்றது. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து வளையத்தைவிட்டு வெளியே வந்தது. பலூன் கட்டிக்கொண்டது. கோணல் முடிச்சு, ஓரமாகக் கசிந்தும் கொண்டிருந்தது. ஆனால் முடிச்சு.

தெல்மிரா எழுந்து முற்றத்தின் நடுவில் போய் நின்றாள். ஓடவில்லை, குனியவில்லை. பலூன் நெஞ்சில் பட்டு வெடித்தது, சோப்புத் தண்ணீர் கண்ணில் அடித்தது. "கண்ண மூடிட்டாங்க! அத்தை கண்ண மூடிட்டாங்க!" என்று நைரா குதித்தாள். "ஐயோ, எங்க வீட்டுக்காரரு!" என்று தெல்மிரா தலையில் கைவைத்தாள். விளாதிமிர் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தான். "செல்லும்! செல்லும்! இது செல்லும்!"

கூச்சலுக்கு நடுவில் தெல்மிரா குனிந்து, ஈரத் தரையிலிருந்து மஞ்சள் ரப்பர்த் துண்டைப் பொறுக்கினாள். முடிச்சு அப்படியே இருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தாள், பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். அவிழவில்லை. இது நடிப்பில்லை, உண்மையிலேயே அவிழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைக் கோட்டுப் பையில் போட்டு, வேறெங்கோ பார்த்தபடியே ஒற்றைக் கையால் பையின் பட்டனைச் சட்டென்று மாட்டினாள். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

பெஞ்சிலிருந்து செனோபியா அதைப் பார்த்துவிட்டாள். அவள் பார்வை பட்டனிலிருந்து கோணல் கோட்டுக்குப் போய், அங்கிருந்து தெல்மிராவின் முகத்துக்கு வந்தது. "அடிப்பாவி!" என்றாள், சத்தம் வராமல்.

தெல்மிரா அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். பிறகு மாட்டிய பட்டனை மெதுவாகக் கழற்றிவிட்டு, அண்ணன் தோளிலிருந்து இறங்கி ஓடிவந்த நைராவின் முன்னால் மண்டியிட்டு, பையைக் காட்டினாள். "பாருடி, இது மூடவே மாட்டேங்குது."

"நகருங்க அத்தை" என்று நைரா இரண்டு கையையும் கொண்டுவந்தாள். பெஞ்சில் செனோபியா தன் கைகளின்மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தாள்.