காந்தா கொண்டுபோன வழியில்

கோம்பையில் எங்கள் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் வங்காளத்திலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும் குடியிருந்தார்கள். அவர் கட்டட வேலைக்குப் போவார். அவள் பழைய சேலைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே பொடிப் பொடியாகத் தைத்துப் போர்வை ஆக்குவாள். காந்தா என்று பெயர் சொன்னாள். "கந்தலத்தான் அப்படிச் சொல்லுது" என்று தெருப் பெண்கள் சிரித்தார்கள். அவள் ஊரில் பிறந்த பிள்ளையைப் புதுத் துணியில் கிடத்த மாட்டார்களாம். உடுத்தி நைந்த சேலைதான் உடம்பை உறுத்தாதாம். வீட்டுப் பெண்கள் எல்லாரும் மாறி மாறித் தைப்பார்களாம்.

தையல் மிஷின் வைத்துப் பிழைப்பவள் நான். என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, என் சேலைகளைக் கொடுத்து ஒரு காந்தா தைக்கச் சொன்னேன். ஓரத்தில் மீன் வரிசை போட்டிருந்தாள்.

அந்த வாரம் எல்லார் போனிலும் ஒரு வீடியோ சுற்றியது. வடக்கத்தி ஆட்கள் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று யாரோ அழுதுகொண்டே பேசியிருந்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வீட்டுக்குக் கிளம்பினேன். காந்தா தைத்தவளுக்குக் காய்ச்சல். குழந்தையைப் பார்க்க அவள் புருஷன் மட்டும் கூட வந்தார். என் கையில் குழம்புத் தூக்கு இருந்ததால், சுருட்டிய காந்தாவை அவர் மார்போடு அணைத்துக்கொண்டார். தம்பி வீட்டுத் தெருமுனையில் சோப்பு வாங்கக் கடையில் நின்றேன். அவர் முன்னே நடந்தார்.

"ஏலே, பிள்ளையத் தூக்கிட்டுப் போறான்டா!"

நான் திரும்புவதற்குள் அவரைக் கீழே தள்ளியிருந்தார்கள். ஒருவன் ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தான். அவர் அப்போதும் காந்தாவை விடவில்லை. அதை விடாததே குற்றம் என்பதுபோல் விலாவில் உதைத்தார்கள். தூக்கைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அது துணிடா! எங்க வீட்டுத் துணிடா!"

யாரோ என் முடியைப் பிடித்து இழுத்து வாய்க்காலோரம் எறிந்தார்கள். எழுந்தபோது திராட்சைப் பந்தலுக்கு முட்டுக் கொடுக்கும் கம்போடு ஒருவன் ஓடிவந்தான். என் தம்பி. தெருவில் பிள்ளையைத் தூக்கிவிட்டார்கள் என்று மட்டும்தான் அவன் காதில் விழுந்திருக்கிறது. ஓங்கி அவர் கையில் அடித்தான். எலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது. மறுபடி ஓங்கியபோது அவர்மேல் விழுந்தேன். அடி என் தோளில் இறங்கியது.

"யக்கா, தள்ளு! உனக்குத் தெரியாது!"

"உன் மகளுக்குத்தான்டா கொண்டு வந்தாரு! விரிச்சுப் பாருடா!"

அவன் விரித்துப் பார்த்தான். பிள்ளை இல்லை. மீன்களின்மேல் ரத்தம். கூட்டம் சத்தமில்லாமல் கரைந்தது. ஹெல்மெட்காரன் அதையே மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். தம்பி மட்டும் கம்போடு நின்றான்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு எலும்பில் தகடு வைத்துக் கையைச் சேர்த்தார்கள். மணிக்கட்டு மடங்கவில்லை. காய்ச்சலோடு வந்தவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, அடிச்சது யாரு?" என்றாள்.

சொன்னேன். போலீசிலும் சொன்னேன்.

தம்பியைப் பிடித்துக்கொண்டு போன அன்று அம்மா என் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "கூடப் பொறந்தவனக் காட்டிக் கொடுத்திட்டியே! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

ஜாமீனில் வந்தவன் நேரே என் வீட்டுக்கு வந்தான். தையல் மிஷினைத் தூக்கித் தரையில் அடித்தான். குறுக்கே போன என்னைக் கன்னத்தில் அறைந்தான்.

"பயந்துட்டேன்க்கா. புள்ளைன்னு நெனச்சேன். அத நீ போலீசுல சொன்னியா?"

"அதையும் சொன்னேன்."

என் வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவன் உடைந்த மிஷினைத் தாண்டி வெளியே போனான்.

அவரால் இப்போது சாந்துச் சட்டி தூக்க முடியாது. பக்கத்து வீட்டிலேயேதான் இருக்கிறார்கள். அவள் தைப்பதை வைத்துத்தான் சாப்பாடு. ஆனால் எங்கள் தெருச் சேலை எதையும் வாங்குவதில்லை, என்னுடையது உட்பட. மேகமலை எஸ்டேட்டில் இருக்கும் அவள் ஊர்க்காரர்களிடமிருந்து துணி வருகிறது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

வாய்தா நாட்களில் நானும் அவர்களும் ஒரே பஸ்ஸில் போகிறோம். அந்த நேரத்துக்கு அது ஒன்றுதான். தம்பியும் அதில்தான் ஏறுகிறான். அவன் ஏறும்போதெல்லாம் அவர் நல்ல கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறார். அவள் எழுந்து நடைவழிப் பக்கத்து சீட்டுக்கு மாறி, அவரை ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார வைக்கிறாள்.