கெண்டை மீனும் ஒரு சந்தேகமும்

போன வாரம் சுயம்பு போனில் கூப்பிட்டான். என் பள்ளித் தோழன். இரணியல் பக்கம் மீன் குஞ்சுப் பண்ணை வைத்திருக்கிறான். கூட்டாளி ஜெபராஜ்.

"மக்கா, கொஞ்சம் வா. நீ ஒரு சாட்சியாக்கும்."

"எதுக்குலே சாட்சி?"

"வந்து பாரு."

விஷயம் இதுதான். நல்ல ஆண் கெண்டைகளை ஜெபராஜ் தன் சொந்தக் குளத்துக்குக் கடத்திவிட்டான் என்று யாரோ டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். சுயம்பு நம்பிவிட்டான். அதுவரை ஜெபராஜ் பார்த்துவந்த மீனைப் பிழிந்து முட்டையையும் விந்தையும் சட்டியில் கலக்கும் வேலையைத் தானே பிடுங்கிக்கொண்டான். அதிலிருந்து ஒரு முட்டைகூடப் பொரிக்கவில்லை. எல்லாம் வெள்ளை வெள்ளையாகச் செத்தன. மிச்சமிருப்பது உதவாத ஆண் மீன்கள்தான் என்று சந்தேகம் உறுதியாயிற்று. பதினைந்து வருடக் கூட்டு... முறியப் போகிறது.

ஆண் மீன்களைச் சோதிக்க ஷீலா என்ற பெண் வந்திருந்தாள். மீன்வளம் படித்தவள். ஒரு மீனின் வயிற்றைத் துடைத்து மெல்ல அமுக்கினாள். பால் மாதிரி விந்து வந்தது. ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். சுயம்பு எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணும் அசையல்ல. எல்லாம் செத்துக் கெடக்கு. பாத்தியா மக்கா?"

ஜெபராஜ் தூரத்தில் நின்றான்.

"செத்ததில்ல அண்ணே. உறங்குது" என்றாள் ஷீலா. துளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். "இப்பம் பாருங்க."

நானும் பார்த்தேன். அடேயப்பா — திருவிழாக் கூட்டம். துடித்து, முட்டி மோதி ஓடின. ஒரு நிமிடம்கூட இல்லை, வேகம் குறைந்து அப்படியே நின்றுவிட்டன.

"தண்ணி பட்டாத்தான் முழிக்கும். முழிச்சா இவ்வளவுதான் ஆயுசு. அதுக்குள்ள முட்டைக்கிட்ட போயிரணும்." பிறகு சாயம் ஏற்றி, தலையும் வாலும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தாள். வால் ஒடிந்தது, தலை வீங்கியது என்று அபூர்வமாகத்தான் கண்ணில் பட்டது. மற்ற ஆண் மீன்களும் அப்படியே.

"நல்ல மீனுதான் அண்ணே. நீங்க எப்படிச் செய்வீங்கன்னு காட்டுங்க."

சுயம்பு சட்டியைப் பளபளவென்று கழுவினான். ஈரத்தோடு அதில் விந்தைப் பிழிந்தான். அப்புறம் பெண் மீனைத் தேடிப் போனான்.

"சட்டியத் துடைக்க மாட்டீங்களா?"

"எவனாவது எதையாவது கலந்திருப்பானோன்னு... ஒவ்வொரு தடவையும் கழுவுவேன்."

அந்த ஈரத்தில்தான் எல்லாம் விழித்து, ஓடி, ஓய்ந்திருக்கின்றன. முட்டை வருவதற்கு முன்பே.

"நான் துணியால துடச்சிட்டுத்தான் செய்வேன்" என்றான் ஜெபராஜ்.

"ஏம்லே எங்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா அதுலயும் ஒனக்குச் சந்தேகம் வரும்லா."

சுயம்பு சட்டியை ஜெபராஜிடம் நீட்டினான்.

நேற்று மறுபடி போன். குஞ்சு பொரித்துவிட்டதாம். தொட்டி முழுக்க ஊசி ஊசியாக நீந்துகிறதாம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். வைக்கப் போகும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"மக்கா, அந்த ஷீலா ஜெபராஜுக்குச் சொந்தமா இருக்குமோ?"

அவளைத் தேடிப் பிடித்து வரவழைத்ததே சுயம்புதான்!