குளியலறையில் தொங்கிய துண்டு

இது நான் கட்டிய கதை இல்லை. கட்டுவதென்றால் இவ்வளவு அசிங்கமாகவா கட்டுவேன்? நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

கடற்கரைச் சாலையில் வரிசையாக மாளிகைகள் உள்ள ஊர் அது. ஒரு காலத்தில் கப்பல் முதலாளிகள் வாழ்ந்த வீடுகள். இப்போது டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் சுற்றிப் பார்க்கலாம். நானும் என் வீட்டுக்காரரும் காலையிலேயே கிளம்பிப் போனோம். வந்தவர்கள் எல்லாம் சரவிளக்கையும் படிக்கட்டையும் பார்த்து வாயைப் பிளந்தார்கள். என் கண்ணில் பட்டதே வேறு. பட்டுத் தலையணையில் மஞ்சளாக எண்ணெய்க் கறை. தந்தச் சீப்பின் பல்லிடுக்கில் அழுக்கு. இத்தனை பெரிய வீட்டில் ஒரு தலையணை உறையை மாற்ற ஆளில்லையா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பாழாய்ப்போன பழக்கம் உண்டு. கண்ணில் படுகிற துணியெல்லாம் அவருக்கு முகம் துடைக்கத்தான். ஜன்னல் திரை, என் முந்தானை, விருந்துக்கு வந்தவர் மடித்து வைத்த சட்டை... எதுவும் தப்பாது. கல்யாணமான நாளிலிருந்து கத்துகிறேன். கேட்டால்தானே.

மூன்றாவது வீட்டின் மாடியில் ஒரு குளியலறை. வாசலில் குறுக்கே கயிறு. உள்ளே பளிங்குத் தொட்டி, அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். சுவர்க் கொக்கியில் வெள்ளைத் துண்டு ஒன்று தொங்கியது. அவருக்கு முகமெல்லாம் வேர்வை. நான் திரும்புவதற்குள் கயிற்றைத் தாண்டிவிட்டார்.

“ஏங்க, அதைத் தொடாதீங்க.”

“சும்மாதானே தொங்குது.”

தொங்கிய துண்டிலேயே முகத்தைப் புதைத்து அழுத்தினார். சளக் என்று ஒரு சத்தம். துண்டு முழுக்க ஈரம். நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... அழுகின மீன் நாற்றம் கிளம்பியது.

“போதும், வாங்க.”

அவர் நிமிரவில்லை. துண்டுக்குள் ஏதோ சப்புகிற சத்தம்...

தோளைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டார். ஆனால் துண்டு தட்டையாகவில்லை. பின்னால் யாருடைய முகமோ இருப்பதுபோல் மூக்கும் நெற்றியும் புடைத்தே இருந்தன. வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்ளே போனது... வெளியே வந்தது.

அவரை இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

பஸ்ஸில் என் கைக்குள் இருந்த அவர் கை ஊறிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுத் தேய்த்தேன். என் விரலிலிருந்து அந்த நாற்றம் போகவே இல்லை.

காய்ச்சல் என்று நினைத்தேன். பக்கத்திலேயே படுத்திருந்து பார்த்துக்கொண்டேன். முகத்தைத் துடைத்துவிட்டால் மறுபடி ஈரம் ஊறியது. விடிந்தால் தலையணையைப் பிழியலாம்.

சாப்பாட்டை அவர் மெல்லவில்லை. தட்டில் குனிந்து உறிஞ்சினார். எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. கட்டின புருஷனைப் பார்த்து இப்படிக் குமட்டுகிறதே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் போன் வந்தது. அவர் சாப்பாட்டு மேசையில் இருந்தார்.

“அம்மா, மாளிகை வாட்ச்மேன் பேசறேன். மாடி மூணு நாளா பூட்டியிருந்துச்சு. இப்பத்தான் திறந்தோம்.”

“சொல்லுங்க.”

“குளியலறையில ஒருத்தர் நிக்கிறார். கொக்கியில தொங்குற துண்டு முகத்தோட ஒட்டிக்கிட்டிருக்கு. பிரிக்க வரலை. யாருன்னு கேட்டா உங்க போன் நம்பரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றார்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“உயிரோட... இருக்காரா?”

“மூச்சு இருக்கும்மா. உங்களைத்தான் திட்டறார். விட்டுட்டு யாரையோ கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்களாம்.”

எனக்குப் பின்னால், மேசையில், உறிஞ்சும் சத்தம் நின்றது.